மூடாத மடிப்பு

காஞ்சிபுரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குக் கருவியல் என் பாடம். ஒரு செல் இரண்டாகி, நாலாகி, கடைசியில் கண்ணும் குடலும் நகமும் உள்ள ஓர் உடம்பாக எப்படி ஆகிறது என்பதைத்தான் அதில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற பாடங்களைக் கடமைக்கு நடத்தியிருக்கிறேன். இதைக் கர்வத்தோடு நடத்தினேன்.

வகுப்பின் ஒரு மூலையில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பேன். வாசனை பலமாக வருகிறவர்கள் கையை முழுதாகத் தூக்க வேண்டும், லேசாக வருகிறவர்கள் பாதி, வராதவர்கள் சும்மா இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வகுப்பு மூன்றாகப் பிரிந்திருக்கும். "நீ பாதி கை தூக்கு, நீ தூக்காதே என்று நான் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா? இல்லை. ஒவ்வொருத்தியும் தன் மூக்குக்கு எட்டியதை மட்டும் பார்த்தாள். ஆனால் மேலேயிருந்து பார்த்தால் வகுப்பில் ஒரு வடிவம் இருக்கிறது. கருவும் அப்படித்தான். ஒரு முனையிலிருந்து ஒரு ரசாயனம் கசியும். கிட்டே இருக்கும் செல் ஒன்றாகும், தள்ளி இருக்கும் செல் வேறொன்றாகும். எந்தச் செல்லுக்கும் முழு உடம்பும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை." இப்படிச் சொல்லிவிட்டு ஊதுபத்தியை அணைப்பேன். மாணவிகள் சிரித்தபடி கையைக் கீழே போடுவார்கள்.

அதற்கு அடுத்த வாரம் கோழி முட்டை. வாலாஜாபாத் பக்கத்துப் பண்ணையிலிருந்து கரு கட்டிய முட்டைகள் வாங்கி வந்து, ஆய்வகத்தில் சூட்டுப்பெட்டியில் வைப்போம். ஒரு நாள் கழித்து ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்த்தால், மஞ்சள் கருவின் மேல் நகத்தளவு ஒரு வெள்ளைத் தகடு தெரியும். அதன் நடுவில் இரண்டு மடிப்புகள் எழும்பி ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் துணி எப்படிக் குவியுமோ அப்படி, செல்கள் தங்கள் மேல்முனையைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் தகடு வளையும், விளிம்புகள் தொடும், ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழாய்தான் பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. இவ்வளவுதான். சுருங்கு, பக்கத்தில் இருப்பதைத் தொட்டால் ஒட்டு. இரண்டு விதிகள். அதிலிருந்து மூளை. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் மயிர்க்கூச்செறியும்.

என் கணவர் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கீழே இரண்டு தறி ஓடும், மாடியில் அவர் கம்ப்யூட்டரில் மயிலும் மாங்காயும் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருப்பார். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் தறிக்கான அட்டையில் ஓட்டை போடுவார்கள். கல்யாணமான புதிதில் என் பாடத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன்.

"பொடவையில ஒரு மயிலு உழணும்னா எத்தினி அட்ட குத்தணும் தெரியுமா?" என்றார். "அப்ப ஒரு கொழந்தைக்கு எம்மாம் அட்ட இருக்கும்!"

"அட்டையே கிடையாதுங்க. ஜீன்ல குழந்தையோட படம் இல்ல. பக்கத்துல இருக்கறவன் இப்படி இருந்தா நீ இப்படி மாறுன்னு சின்னச் சின்னதா விதிங்க. அவ்ளோதான்."

"அது எப்பிடி? எங்கியாவது ஒரு எடத்துல டிசைன் இருந்துதான ஆவணும்."

"எங்கயும் இல்ல. செய்யச் செய்யத்தான் வருது."

"கேக்கறதுக்கு நல்லா இருக்குது. நம்பறதுக்குத்தான் கஷ்டமா இருக்குது" என்றார்.

எங்களுக்கு எட்டு வருடம் குழந்தை இல்லை. சிகிச்சை எல்லாம் ஒரு கட்டம் வரை எடுத்தோம். பிறகு இருவருமே, பேசி முடிவு செய்யாமலே, மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டோம். கருவில் அந்தக் குழாய் சரியாக மூடுவதற்காக, உண்டாகும் முன்பிருந்தே சாப்பிட்டுவந்த ஃபோலிக் அமில மாத்திரையையும் நிறுத்தினேன். மாதவிலக்கு எனக்கு எப்போதும் தள்ளித் தள்ளித்தான் வரும். அதனால் அந்த மார்கழியில் சோறு வேகும் வாசனை குமட்டியபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. பரிசோதித்தால் இரண்டு கோடு. பத்து வாரம் ஆகியிருந்தது. மாத்திரையை மறுநாளே ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போதே அது தாமதம் என்று எனக்குத் தெரியும். மனிதக் கருவில் தலைப்பக்கத்துக் குழாய் கரு உண்டாகி நாலாவது வாரத்திலேயே மூடிவிடும். முக்கால்வாசிப் பெண்களுக்கு அப்போது தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது. இதை நான் பத்து வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்வில் கேட்டும் இருக்கிறேன். இருந்தாலும், ஆயிரத்தில் யாருக்கோ வருவது நமக்கா வரப்போகிறது என்று நினைத்தேன்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அந்த இரண்டு மாதமும் என்னை நூல் சுற்ற விடவில்லை, துணி காயப்போட விடவில்லை. தெருவில் யாரிடமும் சொல்லவும் இல்லை. கண் பட்டுவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் மறைக்கத் தெரியவில்லை.

மாசியின் கடைசியில் ஐந்தாம் மாத ஸ்கேன். அறையில் குளிர் அதிகம். "சிசுவின் பாலினம் தெரிவிக்கப்படாது" என்ற பலகைக்குக் கீழே டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். முதலில் கால், முதுகு, இதயம் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சு நின்றது. கருவியை அழுத்தி, சாய்த்து, திரும்ப அதே இடத்துக்கு வந்தார்.

எனக்கும் திரை தெரிந்தது. நெற்றிக்கு மேலே வளைவாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இரண்டு கண்குழிகள் இருந்தன. அதற்கு மேலே ஒன்றும் இல்லை, இருட்டுத்தான்.

"மேடம்," என்றேன், "மண்டையோடு இல்லையா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீங்க டாக்டரா?"

"இல்ல. ஜுவாலஜி."

அவர் கருவியை என் வயிற்றிலிருந்து எடுக்காமலே கேட்டார். "வெளியே யாரு வந்திருக்காங்கமா?"

"வீட்டுக்காரர்."

"கூப்பிட்டுச் சொல்லட்டுமா? இல்ல நீங்களே சொல்றீங்களா?"

நானே சொல்கிறேன் என்றேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. தாழ்வாரத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், அவரை உட்காரவைத்து விளக்கினேன். ஆமாம், விளக்கினேன். குழாய் எப்படி மூட வேண்டும், எந்த நாளில் மூட வேண்டும், மூடாவிட்டால் மேலே எலும்பு எப்படி வராது, திறந்துகிடக்கும் மூளை எப்படி நீரில் கரைந்துபோகும் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் நடுங்கக்கூட இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்திருப்பார்.

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பொழைக்குமா?"

"பொழைக்காது."

அவர் எழுந்து போய் வண்டியை எடுத்து வந்தார். வழியில் வேகத்தடை வந்த இடங்களில் எல்லாம் என் வயிறு அதிராதபடி எப்போதும்போல் மெதுவாக ஏற்றி இறக்கினார்.

இருபது வாரம் தாண்டிய கருவைக் கலைக்கச் சட்டப்படி இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது டாக்டர் வந்து பார்த்து, படுக்கை கிடைக்க ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். வயிற்றுக்குள் அது அசைந்துகொண்டிருந்தது. முன்னைவிட அதிகமாகவே அசைந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், கீழே தறிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போன நேரம், அவர் மாடிக்கு வந்து என் பக்கத்தில் படுத்தார். ஸ்கேனுக்குப் பிறகு முதல் முறையாக என் வயிற்றில் கை வைத்தார்.

"ஒதைக்குதும்மா" என்றார். குரலில் ஒரு நப்பாசை. "மூளையே இல்லன்னாங்க. அப்ப எப்பிடி ஒதைக்கும்? அவங்க மிசின்ல எதுனா தப்பா இருக்கப்போவுது."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் கையின் மேல் என் கையை வைத்திருக்கலாம். "அது உதைக்கிறது இல்லீங்க" என்றேன். "தண்டுவடம் நல்லா இருக்குது. அசைவு அதுலேருந்து வர்றது. அதுக்கு மூளையே தேவையில்ல. தவளைக்குத் தலைய எடுத்துட்டாக்கூடக் கால்..."

அவர் கையை எடுத்துவிட்டார்.

"எங்கிட்ட பாடம் எடுக்காத" என்றார். சத்தம் போடவில்லை. "உன் வயித்துல இருக்கறது தவள இல்ல."

எழுந்து கீழே போனார். தறி ஓட ஆரம்பித்த பிறகும் அவர் மேலே வரவில்லை. நான் அழுதேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. நான் சொன்னது அத்தனையும் சரி என்பது மட்டும் நினைவிருக்கிறது. சரியான ஒன்றைச் சொல்லி ஒரு மனிதரை இப்படி அடிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். சாயங்காலம் ஆரம்பித்த வலி மறுநாள் காலை பத்து மணிக்கு முடிந்தது. பக்கத்து அறையில் பிறந்த ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டது. எங்கள் அறையில் நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம் மட்டும்.

"பாக்கறீங்களா?" என்று கேட்டார் அவர். "பாக்காம இருக்கறது நல்லதும்மா. பின்னாடி கண்ணுலயே நிக்கும்."

பார்க்கிறேன் என்றேன். என் கணவரையும் உள்ளே விட்டார்கள். தலையைப் புருவத்துக்கு மேலே துணியால் சுற்றியிருந்தார்கள். அதைப் பிரிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மற்றதெல்லாம் திறந்திருந்தது. பெண். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் நீளம். மூக்கு அத்தையின் மூக்கு. கையை விரித்துப் பார்த்தேன். கருவில் முதலில் கை ஒரு துடுப்பு மாதிரிதான் இருக்கும். நடுவில் இருக்கும் செல்கள் குறித்த நேரத்தில் தாமாகச் செத்தால்தான் விரல்கள் பிரியும். இவளுக்குச் செத்திருந்தன. ஐந்து விரலும் தனித்தனி. நுனியில் ரேகை ஓடியிருந்தது. உள்ளங்கையில் மடிப்பு விழுந்திருந்தது.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேலே மூளை கரைந்துகொண்டிருந்தபோது, கீழே கைவிரல்கள் ஒன்றும் நடக்காதது போலப் பிரிந்துகொண்டிருந்திருக்கின்றன. இதயம் நாலு அறையாகியிருக்கிறது. ரேகை ஓடியிருக்கிறது. எல்லாம் தன் பக்கத்தை மட்டும் பார்த்து, தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருக்கின்றன. நிறுத்துங்கள், இனி வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

என் கணவர் அந்த விரல்களை ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினார். இரண்டு கையும் எண்ணி முடித்துவிட்டு, "அம்மா கேட்டா சொல்லணும்ல" என்றார்.

அவரும் மருத்துவமனை ஊழியர் ஒருவரும் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். திரும்பியபோது அவர் பேண்ட்டில் முழங்கால் வரை ஈர மணல் ஒட்டியிருந்தது. எங்கே, எந்த மரத்தடியில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. அதுவும் விதிப்படிதான். நஞ்சுக்கொடி விலகியதும் ரத்தத்தில் ஒரு சுரப்பு குறையும், குறைந்தால் பால் ஊறும். குழந்தை இருக்கிறதா என்று உடம்பு விசாரிப்பதில்லை. ரவிக்கை நனைந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. அத்தை கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். கதவைச் சாத்திவிட்டு, பூவை மார்பில் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால் பால் வற்றும் என்பது அவர்கள் வழக்கம்.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன அத்தை?"

"நீ முழுவாம இருக்கறன்னு தெரிஞ்ச அன்னிக்கே, அம்மனுக்குப் பொடவ சாத்தறேன்னு வேண்டிக்கினேன். நம்ம தறியிலியே நெய்ஞ்சி சாத்தணும்னு. முகூர்த்த சீசன் வந்துட்டுது. ஆர்டர் பொடவையெல்லாம் முடிச்சிட்டு ஏத்தலாம்னு உட்டுட்டேன். நான் தள்ளிப்போட்டேன். அவ எடுத்துக்கினா."

எட்டு வருடமாக இந்தத் தெருவில் என்னைப் பார்த்து யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்தவர் அத்தை. இப்போது பழி என் மேல் விழும் என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். கிரகணத்தில் வெளியே போனாய், கல்லூரியில் செத்த பிராணிகளைத் தொட்டாய் என்று ஏதாவது. அவர் அதை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"அப்படி இல்ல அத்தை" என்றேன். "நீங்க வேண்டிக்கறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. நாலாவது வாரத்துலயே. அப்ப யாருக்கும் தெரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதல் அடைந்த முகம் இல்லை அது. "அப்ப எதனாலதான் ஆச்சு?"

"எதனாலயும் இல்ல. அப்படி ஆயிடுது."

"எதனாலயும் இல்லன்னா எப்பிடிம்மா?" என்றார். "ஒரு பூச்சி சாவறதுக்குக்கூட ஒரு காரணம் இருக்குதே."

நான் அவருடைய குற்றத்தை நீக்கிவிட்டதாக நினைத்தேன். அவர் கையில் இருந்த ஒரே பிடிமானத்தைப் பிடுங்கியிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. நிறுத்திய மாத்திரை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டிருந்தால் கட்டாயம் தப்பியிருக்கும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. தப்பியிருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் அந்தக் குற்றத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். யார் மேலும் தப்பில்லை என்பதைவிட என் மேல் தப்பு என்பது எனக்கும் சுலபமாக இருந்தது.

அத்தை ஆனி மாதம் தறியில் அந்தப் புடவையை ஏற்றச் சொன்னார். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. என் கணவர், "இப்ப எதுக்கும்மா அது?" என்று கேட்டார். "சொன்னது சொன்னதுதான். அவ குடுத்தாளா எடுத்தாளான்னு பாத்தா செய்யறது?" என்றார் அத்தை. புடவை தறியிலிருந்து இறங்கியதும் நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர், என்ன வேண்டுதல் என்று கேட்டார். அத்தை, "முடிஞ்சுபோன வேண்டுதல் சாமி" என்றார்.

கல்லூரி திறந்தது. அந்தப் பாடத்தை வேறொருவருக்கு மாற்றித் தருவதாகத் துறைத்தலைவர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஊதுபத்தி வகுப்பைச் சுருக்கமாக முடித்தேன். முட்டை வகுப்பு வந்தபோது ஆய்வகத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். கல்லூரியில் இதெல்லாம் மறையாது. நான் முட்டையை வெட்டும்போது வழக்கமாக நெருக்கியடிப்பவர்கள் அன்று ஓர் அடி தள்ளி நின்றார்கள். ஜன்னலைத் திறந்தேன். இரண்டு மடிப்புகளும் நடுவில் தொட்டுவிட்டிருந்தன. தலைப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. இன்னும் சில மணி நேரத்தில் மூடியிருக்கும்.

முசரவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் பெண் ஒருத்தி. எப்போதும் கடைசி வரிசைக்காரி. தனக்கு எதுவும் தெரியாது என்ற நினைப்பில் வாயே திறக்காதவள். அவள்தான் கேட்டாள்.

"மேம், ஒரு எடத்துல மூடலன்னு வெச்சிக்கங்க. மத்த செல்லுங்களுக்கு அது தெரியுமா?"

பக்கத்தில் இருந்தவள் அவள் இடுப்பில் இடித்தாள். கேட்டவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேம், சாரி மேம்" என்றாள்.

"இல்ல, கேட்டது நல்ல கேள்வி" என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "தெரியாது. பக்கத்துல இருக்கறதுக்குக் கொஞ்சம் தெரியும். தள்ளி இருக்கறதுக்குத் தெரியவே தெரியாது. கை, கையா வளரும். இதயம் துடிக்கும். நான் பாத்திருக்கேன்."



அன்று அவர்களுக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். யாரும் வரையாத, யாரும் மேற்பார்வை பார்க்காத ஒரு வேலை இவ்வளவு சிக்கலான உடம்பைக் கட்டுகிறது என்பதில் அழகு மட்டும் இல்லை. வரைந்தவர் இல்லையென்றால் திருத்துபவரும் இல்லை. விரலைப் பிரித்த அதே விதிகள்தான் தலையைத் திறந்தும் விட்டன. நல்லதுக்கு ஒரு விதி, கெட்டதுக்கு ஒரு விதி என்று கிடையாது. சிறு வேறுபாடுகளைச் சமாளிக்க உடம்புக்குப் பல வழிகள் உண்டு, அதனால்தான் பெரும்பாலும் சரியாக நடக்கிறது. ஆனால் சில இடங்களில், சில மணி நேரங்களுக்கு, எல்லாம் ஒரே ஓர் ஒட்டலில் தொங்குகிறது. அது தவறினால் திரும்பி வந்து ஒட்ட வழியில்லை. குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்தும் இரண்டு மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். கேள்வி கேட்டவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. வகுப்பு முடிந்து கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

வீட்டில் என் கணவரும் நானும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். பால் வாங்கணும், மின்சாரம் போச்சு, அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்தது. கல்லூரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பட்டு நூல் படியாது என்று தறியை நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அது எப்பிடி ஆச்சுன்னு இப்ப சொல்லு" என்றார்.

"எது?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னியே. எனக்கு ஒண்ணும் ஏறல. மொதல்லேருந்து சொல்லு. மெதுவா."

சொன்னேன். ஒரு காகிதத்தை எடுத்து, இரண்டு ஓரத்தையும் தூக்கி, எப்படி வளையும் என்று காட்டினேன். அவர் காகிதத்தை வாங்கித் தானே வளைத்துப் பார்த்தார். விளிம்பு தொடும் இடத்தை விரலால் தடவினார்.

"தலப்பக்கம் என்னிக்கு மூடணும்?"

"உண்டான நாள்லேருந்து இருபத்தஞ்சாம் நாள் வாக்குல."

"அப்பிடின்னா அன்னிக்கு என்ன தேதி?"

அந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அன்று போட்டோம். மருத்துவமனைச் சீட்டை எடுத்து, பின்னால் எண்ணி, கார்த்திகையில் ஒரு சனிக்கிழமைக்கு வந்து நின்றோம். ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம் என்றேன். அவர் போனை எடுத்து, படங்களை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. என்னிடம் நீட்டினார்.

தென்னேரி. அந்த வருடம் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழிகிறது என்று கேள்விப்பட்டு, நாங்கள் இருவரும் வண்டியில் போயிருந்தோம். படத்தில் நான் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வழியும் தண்ணீரில் நிற்கிறேன். வாய்விட்டுச் சிரிக்கிறேன். பின்னால் யாரோ வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். அன்று அங்கேயே மீன் வறுத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கரையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். குழந்தை இல்லாமலே இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று நான் அன்று அவரிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

"அன்னிக்கு ஒனக்கு ஒடம்பு எதுனா பண்ணுச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. நல்லா இருந்தேன்."

"நல்லாத்தான் இருந்த" என்றார்.

மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அவர் எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை.

"ரெண்டு பேருந்தான நிறுத்துனோம்" என்றார்.

வெளியே மழை விடவில்லை. அத்தை கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். அவர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார். இப்போது நான் தினமும் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். வேறொன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை. தென்னேரிப் படத்தை அவர் அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.